74 சென்ரிமீற்றர் மைதானம்

உதைபந்தாட்டத்துக்குத் திடல் வேண்டும். கிரிக்கெட்டுக்கு அதைவிடப் பெரிய திடல் வேண்டும். கெரத்துக்கு ஒரு விறாந்தையும் நான்கு கதிரைகளும் தலைக்கு மேல் ஒரு மின்குமிழும் போதும். பக்கத்துக்கு 74 சென்ரிமீற்றர் கொண்ட சதுரப் பலகை, அதன்மேல் 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு என 19 காய்கள். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கரையோர ஊர்களில் இந்த விளையாட்டு வேரூன்றியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் நடுவில் பிரதான வீதியை ஒட்டிக் கிடக்கிறது மருதமுனை. கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனையும் மருதூர்க்கொத்தனையும் தந்த மண் என்பதால் இலக்கியம் அறிந்தவர்களுக்கும் பழக்கமான பெயர். நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்த பிறகு இங்குள்ள ஒழுங்கைகளில் நடந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். ஏதாவதொரு வாசலில் விளக்கு எரியும், காய்கள் சட்டத்தில் மோதும் சத்தம் கேட்கும், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பெருகி வடியும் ஆசை மட்டுமாக இது இல்லை. கெரத்தில் மனதைக் கொடுத்த ஒருவருக்கு ஏழு நாளும் அதில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. பார்ப்பதற்கு ஆட்டங்கள் உண்டு, படிப்பதற்கு விதிகள் உண்டு, பலகையைப் பேணும் வேலை உண்டு, வார இறுதியில் ஆட்டமும் உண்டு. அந்த வாரத்தை அருகில் நின்று பார்ப்பது பயனுள்ளது. ஊர் இதை வெறும் பொழுதுபோக்காகப் பார்ப்பதா, பயிற்சியாக வளர்ப்பதா என்ற கேள்விக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

வேலை நாட்கள்: திரையில் கெரம்

திங்கள் முதல் வியாழன் வரை பலகை சுவரில் சாய்ந்தே நிற்கும். இரசிகரின் கெரம் அப்போது கையடக்கத் தொலைபேசிக்குள் இருக்கும். உலகப் போட்டிகளின் ஒளிப்பதிவுகள் யூடியூப்பில் ஏராளமாகக் கிடக்கின்றன. பலகைக்கு நேர் மேலே பொருத்திய கமெராவில் பார்க்கும்போது, விறாந்தையில் கூட்டத்தின் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாத பலவும் தெரிகின்றன. எந்தக் காயை அடித்தார் என்பதைவிட எந்தக் காயை அடிக்காமல் விட்டார் என்பது அங்கே துலங்கும்.

இலங்கை இரசிகர் யாராயிருந்தாலும் தெரிந்திருக்க வேண்டிய பெயர் நிஷாந்த பெர்னாண்டோ. 2012இல் கொழும்பில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் அவர். அதுவரை இந்திய வீரர்களின் கோட்டையாக இருந்த பட்டம் அந்த ஆண்டு நம் நாட்டில் தங்கியது. கிரிக்கெட்டில் 1996 உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் பதினொரு பேரையும் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு பெயரையும் சொல்லிக்கொடுப்பது பெரியவர்களின் கடமை.

தமிழ் பேசும் உலகத்துக்குக் கெரத்தில் இன்னும் நீண்ட பரம்பரை உண்டு. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகச் சம்பியன் ஆனவர். இந்திய அரசு 1996இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கியது. வியாசர்பாடியில் எளிய குடும்பத்தில் பிறந்த இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் பெண்கள் உலகப் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கிண்ணத்தில் வடசென்னையின் காசிமா ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. வாப்பா ஓட்டோ சாரதி. தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி இந்திய ரூபாயைப் பரிசாகக் கொடுத்தது.

திரைப்படம் பார்ப்பவர்களுக்கும் கெரம் புதிதில்லை. வெற்றிமாறன் இயக்கி 2018இல் வெளிவந்த 'வட சென்னை'யில் தனுஷ் ஏற்ற அன்பு என்னும் பாத்திரம் ஒரு கெரம் வீரன். சிறைக்குள் நடக்கும் ஆட்டம் கதையையே திருப்பிவிடும். சித்தார்த் நடித்த 'ஸ்ட்ரைக்கர்' என்னும் இந்திப் படம் 2010இல் வந்தது. மும்பையின் மால்வணியில் கெரம் பந்தய ஆட்டத்தில் சிக்கும் ஓர் இளைஞனின் கதை அது. பணம் வைத்து ஆடத் தொடங்கினால் விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதை அந்தப் படம் காட்டுகிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் கெரம் என்றதும் முகம் சுளிப்பதற்கும் பாதிக் காரணம் இந்தப் பந்தயப் பயம்தான். மற்றப் பாதி, பாங்கு சொன்ன பிறகும் பலகையை விட்டு எழும்பாத பிள்ளைகள். இரண்டும் நியாயமான கவலைகள். நேரமும் விதியும் வகுத்து ஆடினால் இரண்டுக்கும் இடமிருக்காது.

தொலைபேசியில் கெரம் ஆடுகிறவர்களும் ஊரில் ஏராளம். மினிக்ளிப் நிறுவனத்தின் 'கெரம் பூல்' செயலி பலருக்கும் பழக்கமானது. கெரம் செயலி குறிபார்க்கப் பழக்கும். ஆனால் அதன் திரையில் அடி போகும் பாதையைக் கோடு போட்டே காட்டிவிடுகிறார்கள். உண்மையான பலகையில் அந்தக் கோட்டை மனதில்தான் போட வேண்டும். விரலின் அழுத்தமும் பவுடரின் வழுக்கலும் செயலிக்குள் கிடையாது. செயலியில் நூறு ஆட்டம் வென்றவர் விறாந்தையில் முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கரை, அதாவது காய்களை அடிக்கும் வட்டை, மூலைக் குழிக்குள் விடுவது இதனால்தான்.

ஸ்ட்ரைக்கர் ஏன் பின்னாலேயே ஓடுகிறது?

"மெல்லத் தட்டு தம்பி, ஓங்கி அடிச்சா அதுவும் சேர்ந்து போயிரும்" என்று பழகிய ஒரு காக்கா சொல்வார். அந்த ஒரு வரிக்குள் பௌதிகவியல் பாடம் ஒன்று முழுதாக இருக்கிறது.

சர்வதேச விதிப்படி ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராம் வரை இருக்கலாம். காய் ஒன்று 5 முதல் 5.5 கிராம். அதாவது ஸ்ட்ரைக்கர் காயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். இரண்டும் நேருக்கு நேர் மோதி, மோதலில் சக்தி எதுவும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால், காய் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். ஸ்ட்ரைக்கர் அங்கேயே நிற்காது, தன் பாதி வேகத்தில் பின்தொடரும். குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர். ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்ரிமீற்றர் வரை. ஆகவே காய் விழுந்த குழியில் ஸ்ட்ரைக்கரும் தாராளமாக விழும். விழுந்தால் தண்டனையாக ஒரு காயைத் திருப்பி வைக்க வேண்டும்.

மெல்லத் தட்டினால் என்ன ஆகும்? உராய்வு இரண்டையும் ஒரேபோல் தடுக்கிறது என்று கொண்டால், வேகம் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் ஸ்ட்ரைக்கர் காய் ஓடும் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் ஓடும். காய் 45 சென்ரிமீற்றர் ஓடி நிற்கும் அளவுக்குத் தட்டினால் ஸ்ட்ரைக்கர் 5 சென்ரிமீற்றருடன் நின்றுவிடும். உண்மைப் பலகையில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகும், ஆனால் போக்கு இதுதான். தரம் 11 மாணவருக்கு உந்தக் காப்பைப் புரியவைக்க இதைவிட மலிவான ஆய்வுகூடம் கிடைக்காது.

பக்கவாட்டில் உரசி அடிப்பதும், சட்டத்தில் பட்டுத் திரும்பி வரவைப்பதும், பெருவிரலால் பின்னோக்கி அடிப்பதும் இதற்கு அடுத்த பாடங்கள். பெருவிரல் அடிக்கு விறாந்தை ஆட்டங்களில் சிலர் தடை போடுவார்கள். சர்வதேச விதி அதை அனுமதிக்கிறது.

வியாழன் இரவு: பலகைக்கு வேண்டிய கவனிப்பு

கடலுக்குப் பக்கத்து ஊரில் கெரம் பலகை வைத்திருப்பவர் வானிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புக் காற்றில் ஈரம் அதிகம். ஒட்டுப்பலகை அதை உறிஞ்சி நடுவில் மேடு கட்டும், அல்லது ஒரு மூலை தாழும். மாரி காலத்தில் பவுடர் கட்டிபட்டு, காய் ஓட வேண்டிய இடத்தில் தயங்கி நிற்கும்.

பலகை வைத்திருப்பவர் அதனால் ஆட்டத்துக்கு முதல் நாளே வேலையைத் தொடங்குகிறார். பழைய பவுடரைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தெடுப்பார். ஈரத்துணி கூடவே கூடாது. பலகையின் நடுவில் ஒரு காயை நிறுத்தி உருட்டி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். தாழ்ந்த பக்கத்துக் காலின் கீழே மடித்த கடதாசி வைப்பார். பிறகு சன்னமான போரிக் பவுடரை மெல்லத் தூவுவார். முகத்துக்குப் போடும் பவுடரைப் போட்டால் முதல் ஆட்டத்துக்குச் சமாளிக்கும், மூன்றாவது ஆட்டத்தில் பிசுபிசுக்கும். எதைத் தூவினாலும் வாயால் ஊதக்கூடாது. போரிக் பவுடர் மூக்குக்கும் கண்ணுக்கும் ஆகாது, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

நன்றாகத் தயாரான பலகையில் ஸ்ட்ரைக்கர் தறியில் நாடா ஓடுவதுபோல் ஓடும். தறியில் கை பழகிய ஊருக்கு அந்த ஓட்டத்தின் அருமையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

வெள்ளி பின்னேரம்: விதியோடு ஆடுதல்

விறாந்தை ஆட்டத்துக்கு வீட்டுக்கு வீடு ஒரு விதி. சிலர் வெள்ளைக்கு ஒரு புள்ளி, கறுப்புக்கு வேறொரு புள்ளி என்று கணக்கு வைப்பார்கள். சிவப்பின் மதிப்பு ஒழுங்கைக்கு ஒழுங்கை மாறும். குடும்பத்தோடு ஆட அது நல்லது, சின்னவர்களும் சேர்ந்துகொள்ளலாம். போட்டிக்குப் போக வேண்டுமென்றால் சர்வதேச விதி தெரிந்திருக்க வேண்டும். சர்வதேச கெரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் உருவானது. இன்று சர்வதேசப் போட்டிகள் நடப்பது அதன் விதிகளின்படிதான்.

முதலில் அடிப்பவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கறுப்பு. தன் ஒன்பது காய்களையும் முதலில் போட்டு முடிப்பவர் 'பலகை' எனப்படும் அந்தச் சுற்றை வெல்கிறார். எதிராளிக்கு எத்தனை காய் மிஞ்சுகிறதோ அத்தனை புள்ளி. சிவப்பைப் போட்டவர் உடனே தன் காய் ஒன்றையும் போட்டு அதை உறுதிசெய்ய வேண்டும். அப்படிச் செய்து பலகையையும் வென்றால் மேலும் 3 புள்ளி. முதலில் 25 புள்ளி எட்டுபவர், அல்லது எட்டுப் பலகைகளின் முடிவில் முன்னிலையில் இருப்பவர் ஆட்டத்தை வெல்கிறார். மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றவருக்கே போட்டியில் வெற்றி.

இந்தக் கணக்கில் ஓர் அழகு இருக்கிறது. ஒரு பலகையில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி 9உம் 3உம் சேர்த்து 12. எதிராளி ஒரு காயும் போடாதபடி இரண்டு பலகைகளைத் துடைத்தெடுத்தாலும் 24தான் வரும். ஆட்டத்தை முடிக்க மூன்றாவது பலகைக்கு வந்தே ஆக வேண்டும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரருக்கு எதிரே உட்கார்ந்தவருக்கும் மூன்று முறை வாய்ப்புக் கிடைக்கும்.

உட்காரும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. அடிக்கும்போது கதிரையை விட்டு எழும்பக்கூடாது. அடிக்கும் கை மூலையில் வரைந்த அம்புக்கோட்டைத் தாண்டக்கூடாது. ஸ்ட்ரைக்கர் தன் பக்கத்து இரண்டு கோடுகளையும் தொட்டு நிற்க வேண்டும். ஓர் அடிக்கு 15 செக்கன் மட்டும். விறாந்தையில் பழகியவர் முதன்முதலில் நடுவர் முன்னால் ஆடும்போது தோற்பது பெரும்பாலும் குறி தவறியதால் நேர்வதில்லை, இந்த ஒழுங்குகள் பழகாததால்தான் நேர்கிறது. வெள்ளி பின்னேரம் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு பலகையையாவது இந்த விதிகளோடு ஆடிப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

பக்கத்து மேசைகள்

கெரத்தில் ஆசை வைத்தவரின் கண் மற்ற மேசைகளின் பக்கமும் போகும். சதுரங்கம் பாடசாலைகளில் பரவிவருகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் அதற்கு ஆர்வம் ஊட்டியது. 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சம்பியன் ஆனபோது அந்த ஆர்வம் இன்னும் கூடியது.

யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர் தமிழரிடையிலும் 304 என்னும் சீட்டாட்டம் மேசையை ஆள்கிறது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று ஒரு வகுப்புக்கு 76. நான்கு வகுப்புக்கும் சேர்த்தால் 304, அதுவே ஆட்டத்தின் பெயர். ஐரோப்பாவின் யாஸ் என்னும் சீட்டாட்டக் குடும்பத்தோடு இதற்கு உறவு இருப்பதாகவும், ஒல்லாந்தர் வழியாக இந்தப் பக்கம் வந்திருக்கலாம் என்றும் சீட்டாட்ட வரலாறு எழுதுவோர் கருதுகின்றனர்.

இன்னும் பின்னால் போனால், நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கே பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட 'ஏன்ஷியன்ட் சிலோன்' நூலில் இந்நாட்டுக் கிராமங்களின் பலகை ஆட்டங்களைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். குன்றிமணி போட்டு ஆடும் ஒலிந்த கெலியவும், சிறுத்தையை மாடுகள் மடக்கும் ஆட்டமும் அவற்றுள் உண்டு. பல்லாங்குழியும் ஆடுபுலியும் தெரிந்த தமிழருக்கு அவை சொந்தக்கார ஆட்டங்கள்.

உலகின் மறுபக்கத்திலும் இதே ஆசைதான் வேறு உருவில் நடமாடுகிறது. ஜேர்மனியின் எஸன் நகரில் 1983 முதல் ஆண்டுதோறும் மேசை விளையாட்டுக் கண்காட்சி நடக்கிறது. 1995இல் வந்த 'கட்டான்' அந்த நாட்டிலிருந்து உலகெங்கும் போனது. நம் மலையகத் தேயிலையை வைத்து 'சிலோன்' என்ற பெயரிலேயே 2018இல் ஒரு பலகை ஆட்டம் வெளிவந்திருக்கிறது. கெரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரர்களும் வெளியே உண்டு. கனடாவில் வட்டப் பலகையில் ஆடும் குரோகினோலின் அறியப்பட்ட மிகப் பழைய பலகை 1876இல் ஒன்ராறியோவில் செய்யப்பட்டது. லத்வியாவில் நொவுஸ் என்னும் ஆட்டத்தில் நான்கு மூலையிலும் குழி உண்டு, ஆனால் விரலுக்குப் பதில் நீண்ட கோலால் அடிக்கிறார்கள்.

பலகைக்கு எதிரே யார்?

மருதமுனை விறாந்தைகளில் இரவு நேரத்து ஆட்டம் பெரும்பாலும் ஆண்களுடையது. வீட்டுக்குள்ளே பெண்பிள்ளைகள் ஆடாமலில்லை. பாடசாலை விடுமுறையில் ராத்தாவும் தங்கச்சியும் பலகையைத் தரையில் போட்டு ஆடும் வீடுகள் பல. பல வீடுகளில் ஆண்பிள்ளைகளைத் தோற்கடிப்பதும் அவர்கள்தான். ஆனால் வயது ஏற ஏற அந்த ஆட்டம் நின்றுபோகிறது.

இது பெரும் இழப்பு. கெரத்துக்கு உடல் பலமோ உயரமோ வேண்டாம். ஓட வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். பர்தா அணிந்தபடியே, ஒரு வகுப்பறைக்குள் உட்கார்ந்து, உலகத் தரத்தில் ஆடக்கூடிய விளையாட்டு இது. வடசென்னையின் நெருக்கமான தெருக்களிலிருந்து ஓர் ஓட்டோ சாரதியின் மகள் கலிபோர்னியா போய் மூன்று தங்கத்தோடு திரும்பியிருக்கிறார். அவருக்குப் பின்னால் இருந்தது பெரிய விளையாட்டரங்கு அல்ல. சில பலகைகளும், சொல்லித்தர ஆளும், தவறாத பயிற்சி நேரமும்தான். மருதமுனையின் பாடசாலைகளில் பெண்களுக்கென்று வாரத்தில் ஒரு பின்னேரம், ஆசிரியை ஒருவரின் மேற்பார்வையில் ஒதுக்குவது எந்த அதிபருக்கும் கடினமான காரியமில்லை. அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் கெரமும் ஒன்று என்பதால் அந்தப் பயிற்சி வீணாகவும் போகாது.

தவறாத பயிற்சி வேண்டும் என்ற இதே கணக்குத்தான் கழகங்களுக்கும். இப்போதைய வழக்கம் ஒருநாள் விலகல் சுற்றுப்போட்டி. முதல் ஆட்டத்தில் தோற்றவர் அன்றே வீட்டுக்குப் போகிறார், அடுத்த ஆண்டுதான் திரும்பி வருகிறார். அதற்குப் பதில் எட்டுப் பேர் ஒருவரோடொருவர் ஒருமுறை ஆடும் தொடர் வைத்தால் மொத்தம் 28 போட்டிகள் வரும். இரண்டு பலகைகள் இருந்து, வெள்ளியும் சனியும் பலகைக்கு ஒரு போட்டி என்று வைத்தால் வாரத்துக்கு நான்கு. ஏழு வாரத்தில் லீக் முடிந்துவிடும். தோற்றவருக்கும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்கும், திருத்திக்கொள்ள ஆறு நாள் இருக்கும். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையே ஏறக்குறைய 68 நாட்கள், அதாவது ஒன்பது வாரங்களுக்கு மேல் உண்டு. எட்டாவது வாரத்தில் அரையிறுதியும் ஒன்பதாவது வாரத்தில் இறுதிப் போட்டியும் வைத்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே ஊருக்கு ஒரு சம்பியனை அறிவித்துவிடலாம்.